கொடுக்காத பில்

ஆகஸ்ட் 4, திங்கள்

அத்தான் பில் எழுதுவதில்லை. சொல்வார். நான் எழுதுவேன். பதிலுக்கு எனக்கு இந்த வீட்டின் முன்னறையும் சோறும்.

காலையில் பல் தேய்த்தபடியே சொன்னார். டீச்சர் வீட்டில் சிங்க் அடைப்பு. குழாய் வளைவில் ஒரு எல்போ மாற்றியது. மாடித் தொட்டியில் வால்வு. நான் "கழிவுநீர்க் குழாய் அடைப்பு நீக்கம்" என்று எழுதி வாசித்துக் காட்டினேன்.

"இது யாருக்குல விளங்கும்? அடைப்பு எடுத்ததுன்னு போடு."

"எழுத்துல அப்படிப் போட்டா நல்லாயிருக்காது அத்தான்."

"நீக்கம்னு போட்டா நம்மளயே நீக்கிருவாவ, மாப்ள."

அக்கா அடுக்களையிலிருந்து சிரித்தாள். அவள் சிரித்து நாளாகிறது.

டீச்சரின் கணவர் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பில்லெல்லாம் குடுக்கீங்களா? நீங்க என்ன, கரண்டு ஆபீசா?" என்றார். பிறகு பார்க்கலாம் என்று நாள்காட்டிக்குப் பின்னால் செருகினார். அங்கே ஏற்கெனவே நிறையக் காகிதங்கள் இருந்தன.

பில் என்பது என்ன? நடந்து முடிந்த ஒன்றை, நடந்ததுதான் என்று ஒப்புக்கொள்ளும்படி இன்னொருவரைக் கேட்பது. ஒப்புக்கொள்ள யாருக்கும் அவசரம் இல்லை. தண்ணீர் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9, சனி

பேராசிரியர் தாமோதரனின் புது வீடு. பாளையங்கோட்டையின் விளிம்பில், இன்னும் பெயர்ப்பலகை வைக்காத தெரு. அத்தான் தை மாதத்திலிருந்து அங்கேதான் வேலை செய்கிறார். இன்று கடைசிப் பில்லுக்காகப் பாயிண்ட் எண்ணப் போனோம். தண்ணீர் வரும் ஒவ்வொரு வாயும் ஒரு பாயிண்ட். குளியலறை, அடுக்களை, மொட்டைமாடி, தோட்டம். அத்தான் சொல்லச் சொல்ல நான் குறித்தேன். சுவருக்குள் போன குழாய்கள் கண்ணுக்குத் தெரியாது. தெரியாதவற்றின் மேல் டைல்ஸ் ஒட்டியிருந்தார்கள். அழகாக இருந்தது.

பேராசிரியர் ஓய்வு பெற்று இரண்டு வருடம். என்னை முதல்முறையாகப் பார்த்தார்.

"தம்பி யாரு, இசக்கி?"

"என் மச்சினன் சார். கோமதிநாயகம். தத்துவத்துல எம்.ஏ. முடிச்சிருக்கான்."

"தத்துவமா! தத்துவம் படிச்சவன் குழாய் எண்ணலாமா?"

"எண்ணலாம் சார். எண்ணக்கூடிய பொருளாவது கிடைச்சுதே" என்றேன்.

அவர் உரக்கச் சிரித்தார். மனைவியைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொன்னார். பிறகு அறிவது பற்றியும் இருப்பது பற்றியும் வெகுநேரம் பேசினோம். எம்.ஃபில். விட்டுவிட்டு வந்தபிறகு யாரும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. அத்தான் வெளியே மீட்டர் பெட்டியருகே காத்திருந்தார்.

கிளம்பும்போது பேராசிரியர் அவரிடம், "பில்லைக் கொண்டு வந்துரு இசக்கி. பால்காய்ப்புக்கு முன்னால முடிச்சிருவோம்" என்றார்.

ஆகஸ்ட் 14, வியாழன்

விஷயம் இதுதான். அத்தான் அந்த வீட்டுக்குப் பைப்பும் வால்வும் ஹார்டுவேர் கடையில் தன் பேரில் கடனாக எடுத்திருக்கிறார். பேராசிரியரின் பாக்கி வந்தால் கடை அடையும். கடை அடைந்தால் அடுத்த சரக்கு தருவார்கள். சரக்கு வந்தால் பெண்கள் விடுதி ஒன்று கட்டுகிறார்களே, அந்த வேலை அத்தானுக்கு.

வராவிட்டால் ஓமன். நாகர்கோவிலில் ஒரு ஏஜெண்ட் இரண்டு தடவை போன் செய்துவிட்டார். பைப் ஃபிட்டர் வேலை. ஆவணி முடிவதற்குள் பாஸ்போர்ட் கொடுக்க வேண்டும். போனால் இரண்டு வருடம் திரும்ப முடியாது.

அக்காவுக்கு இது ஐந்தாம் மாதம். கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து.

இரவுச் சோற்றின்போது அவள் கேட்டாள். "சார் பணம் தந்துருவாவல்லா?"

"தருவாவ. படிச்ச மனுசன்" என்றார் அத்தான். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார், நான்தான் அதற்குச் சாட்சி என்பதுபோல.

ஆகஸ்ட் 20, புதன்

பில் எழுதுகிறேன். மூன்றாவது நகல். தலைப்பில் எழுத்துருவை மாற்றினேன். வரிசை எண், விவரம், அளவு. வெள்ளைக் காகிதத்தில் ஒரு வீடு முழுவதும் கோடுகளாக நிற்கிறது. ஆய்வேட்டில்கூட இவ்வளவு கவனம் செலுத்தியதில்லை.

மதியம் பேராசிரியர் வீட்டுப் புதுமனை புகுவிழா அழைப்பிதழ் வந்தது. அத்தானுக்கு ஒன்று. எனக்குத் தனியாக ஒன்று. உறையில் பேராசிரியரின் கையெழுத்தில்: திரு. கோமதிநாயகம், எம்.ஏ.

புள்ளி வைத்து எழுதியிருக்கிறார். எம். ஏ.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ஒன்றுமில்லை. மோட்டாரில் தண்ணீர் ஏறவில்லை. அத்தான் வீட்டில் குழாய் ஒழுகுகிறது. ஊரெல்லாம் சரிசெய்பவர் வீட்டில்.

ஆகஸ்ட் 27, புதன்

"பில்லு முடிஞ்சுதா மாப்ள?"

"முடிஞ்சுது. பிரிண்ட் எடுக்கணும்."

"நாளைக்குச் சாயந்தரத்துக்குள்ள குடுத்துரு. வெள்ளிக்கிழமை விடிஞ்சிட்டா அவுக வேற ஆளாயிருவாவ. விருந்தாளி, மேளம்னு."

"நீங்களும் வாங்க அத்தான், ரெண்டு பேருமா குடுப்போம்."

"நான் பால்காய்ப்புக்கு வரல. அம்பாசமுத்திரத்துல ஒரு மோட்டார் கிடக்கு. நீயும் போகணும்னு இல்ல."

பேச்சில் ஏதோ விட்டுப்போயிருந்தது. கேட்கவில்லை. அவர் கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். வேலை செய்த வீட்டில் விருந்தாளியாக நிற்கச் சிலருக்குக் கூச்சம்.

ஆகஸ்ட் 28, வியாழன்

பிரிண்ட் எடுக்கும் கடையில் கூட்டம். மாலையில்தான் கையில் கிடைத்தது. அதற்குமேல் போவது நன்றாக இருக்காது. அவர்கள் வாழைமரம் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

வெள்ளைச் சட்டையை இஸ்திரி போட்டு வாங்கி வந்தேன். இஸ்திரிக்காரர் மடிப்பை நன்றாக வைத்திருக்கிறார்.

பில் கொடுத்தாச்சா என்று அத்தான் கேட்டார். தலையசைத்தேன். நாளை காலையில் கொடுத்துவிட்டால் அது பொய்யாகாது.

ஆகஸ்ட் 29, வெள்ளி

போனேன். பில் சட்டைப்பையில் இருந்தது.

பால் பொங்கி வழிந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். "வாப்பா, வா" என்று தோளில் கைவைத்து முன்வரிசைக்குக் கூட்டிப்போனார். அவருடைய பழைய சக ஆசிரியர்கள், ஒரு கல்லூரிச் செயலாளர். "இந்தப் பையனைக் கவனிங்க. இவன் பேசினா நமக்கு வேர்க்கும்" என்று அறிமுகப்படுத்தினார். ஒருவர் காலம் பற்றி என் கருத்தைக் கேட்டார். சொன்னேன். மறுத்தார். அவர் மறுத்ததை நான் மறுத்தேன். செயலாளர் தலையை ஆட்டினார். அந்தக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் இடம் ஒன்று காலியாகப்போகிறதாம்.

இரண்டு மூன்று தடவை பில்லை எடுக்க நினைத்தேன். அது அதற்கான இடமில்லை.

பிறகு வேலை செய்தவர்களைக் கூப்பிட்டு மரியாதை செய்தார்கள். கொத்தனார் வந்தார். பெயிண்டர் வந்தார். எலக்ட்ரீசியன் செருப்பைத் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தார். மரவேலை செய்த நமச்சிவாயம் ஆசாரி வரவில்லை. "பிளம்பர் இசக்கிமுத்து" என்றார்கள். யாரும் எழவில்லை. பேராசிரியரின் மனைவி தட்டோடு நின்றார். கூட்டம் திரும்பிப் பார்த்தது.

"நாயகம், நீ வாப்பா. அவன் வீட்டுப் பிள்ளைதானே" என்றார் பேராசிரியர்.

போய் வாங்கினேன். தேங்காய், வெற்றிலை பாக்கு, பழம், வேட்டி துண்டு. வாங்காமல் நிற்பது அநாகரிகம். குனிந்தபோது சட்டைப்பையில் பில் மடங்கியது.

வீட்டில் அக்கா கதவைத் திறந்தாள். தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை.

"இத எதுக்குல வாங்குனே?"

"குடுத்தாங்க."

"குடுத்தா வாங்கிருவியா?"

"ஒரு வேட்டிதானக்கா."

அவள் பழத்தை மட்டும் எடுத்துச் சாமி படத்தடியில் வைத்தாள். வேட்டியைப் பீரோவுக்குமேல் பழைய சேலைகளுக்கு அடியில் தள்ளினாள். "பில்லு நேத்தே குடுத்தாச்சுல்லா?" என்றாள். குக்கர் விசில் அடித்தது. அவள் போய்விட்டாள்.

ஆகஸ்ட் 30, சனி

டீக்கடையில் நமச்சிவாயம் ஆசாரி.

"ஏ எம்.ஏ.! நேத்து வேட்டி வாங்கிட்டியாமே."

"ஆமா. நீங்க ஏன் வரல?"

"எனக்கு சார் தரவேண்டிய பாக்கி நிக்குதுல்லா. பாக்கி உள்ளவன் எவனாவது பால்காய்ப்புக்குப் போவானா?" டீயை ஆற்றிக்கொண்டே என்னைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக நின்றது. "உனக்குத் தெரியாதாடே? மரியாதை வாங்குனா கணக்கு முடிஞ்சுதுன்னு அர்த்தம். நாலு பேரு பாக்க வாங்கியாச்சுன்னா அப்புறம் கேக்கக்கூடாது. அதான் பாக்கிக்காரன்லாம் அன்னைக்கு ஊர்லயே இருக்கமாட்டான். காச்சல்னு சொல்லுவான், மோட்டார்னு சொல்லுவான்."

"இது எங்க எழுதியிருக்கு?"

"எழுதுனா அதை மாத்தலாம். எழுதாததை எப்படிடே மாத்துவ?" என்றார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. என் டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

செப்டம்பர் 1, திங்கள்

அத்தானுக்குத் தெரிந்துவிட்டது. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. ஊரே சொல்லியிருக்கும்.

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். பீரோவுக்குமேல் இருந்து வேட்டியை எடுத்தார். பிரித்தார். கரையை விரலால் தடவினார். "நல்ல வேட்டிதான்" என்றார்.

"நீங்க வாங்கலையே அத்தான். நான்தானே வாங்கினேன். அது எப்படி உங்களைக் கட்டுப்படுத்தும்?"

"என் பேரைத்தானல கூப்பிட்டாவ."

"திருப்பிக் குடுத்துருவோம்."

அக்கா உடனே சொன்னாள். "பால்காய்ச்சின வீட்டு மரியாதையத் திருப்புனா அந்த வீடு வெளங்காதும்பாவ. வயித்துல பிள்ளைய வச்சுக்கிட்டு அந்தக் காரியத்தை நாம செய்யணுமா?"

"மூடநம்பிக்கை" என்றேன்.

அந்தச் சொல் அறையின் நடுவில் கிடந்தது. அத்தான் வேட்டியைப் பழைய மடிப்பிலேயே மடிக்க முயன்றார். வரவில்லை. அக்கா வாங்கி மடித்தாள்.

"நீங்களே போய்க் கேளுங்க அத்தான். அவர் படிச்சவர், புரிஞ்சுக்குவார்."

"நான் கேட்டா நாளைக்கு இந்த ஊர்ல எவன் என்னை வேலைக்குக் கூப்பிடுவான்? வேட்டியையும் வாங்கிட்டுப் பணமும் கேட்டான்னு பேர் வரும்." வேட்டியைப் பீரோவுக்குமேல் வைத்துவிட்டு, "நீ வேணும்னா போய்ப் பேசிப் பாரு. உனக்குத்தான் அவுக பாஷை தெரியும்" என்றார்.

செப்டம்பர் 3, புதன்

பேராசிரியர் மாடியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னையும் அடுக்கச் சொன்னார். அடுக்கினேன். நான் படிக்க விரும்பியவை பல இருந்தன. தூசு தட்டித் தட்டி வைத்தேன். பிறகுதான் பில்லைக் கொடுத்தேன்.

"இது என்னப்பா?"

"அத்தானோட கடைசிப் பில் சார்."

கண்ணாடியை மாட்டி முழுவதும் வாசித்தார். "அழகா எழுதியிருக்க. ஒரு பிழை இல்ல." பழையபடி மடித்து எங்கள் இருவருக்கும் நடுவே மேசைமேல் வைத்தார்.

"ஆனா நாயகம், மரியாதை வாங்கின பிறகு பில் வருமா? கொத்தனாருக்கும் பெயிண்டருக்கும் நாங்க கணக்கு முடிச்சுத்தான் குடுத்தோம். உங்க வீட்டுல இருந்து பில்லே வரல. ஆனா நீ வந்து வாங்கின. மிச்சத்தை இசக்கி விட்டுக்குடுத்துட்டான்னு நினைச்சேன். என் மனைவிகிட்ட சொல்லிப் பெருமைப்பட்டேன்."

"அவர் என்னை அனுப்பல சார். நானா வந்தேன்."

"நீ யாரா வந்த?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. வகுப்பில் கேட்பதுபோலக் கேட்டார்.

"இது ஒரு வழக்கம்தானே சார். ஒப்பந்தம் இல்லையே."

"வழக்கம் எனக்கும் முக்கியம் இல்லப்பா. ஆனா உன் அத்தானுக்கு முக்கியம். அவன் இதுவரைக்கும் எனக்கு ஒரு போன் பண்ணினானா? பண்ணமாட்டான். கேட்டுப் பாரு." எழுந்து ஜன்னலைத் திறந்தார். "அதை விடு. அந்த இடத்துக்குச் செயலாளர்கிட்ட பேசியிருக்கேன். பயோடேட்டா வச்சிருக்கியா?"

இருந்தது. பையில் இருந்தது. கொடுத்தேன். அவர் அதை மேசை இழுப்பறையில் வைத்தார்.

என்னால் முடிந்தவரை வலியுறுத்தினேன் என்றே நினைக்கிறேன். அதற்குமேல் பேசினால் வாதம் தரம் தாழ்ந்துவிடும். பில்லைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.

அத்தான் தெருமுனையில் வண்டியோடு நின்றிருந்தார்.

"என்ன சொன்னாவ?"

"மாட்டேங்கிறார்."

"சரி. ஏறு."

செப்டம்பர் 5, வெள்ளி

வக்கீல் நோட்டீஸ்போல ஒன்றை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தேன். சாட்சிகள் என்ற இடத்தில் நின்றுவிட்டது. தட்டு வாங்கியதற்கு ஊரே சாட்சி. பில் கொடுக்காததற்கு நான் ஒருவனே சாட்சி.

செப்டம்பர் 8, திங்கள்

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி அத்தானை நாற்காலி போட்டு உட்காரவைத்தே சொன்னாராம். பழசு அடையாமல் புது சரக்கு இல்லை. விடுதி வேலை மேலப்பாளையத்துக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. நல்ல வேலைக்காரர் என்று அத்தானே சொன்னார். அவருக்கு ஒரு குழாய் வெட்டும் கருவியும் இரவலாகக் கொடுத்திருக்கிறார்.

இன்று பில் எழுத ஒன்றுமில்லை.

செப்டம்பர் 10, புதன்

அக்கா பீரோவைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்துத் தந்தாள். அத்தான் கேட்கவில்லை. அவளாகவே எடுத்தாள். துணி உறையில் போட்டு வைத்திருந்தாள். துடைத்துக் கொடுத்தாள்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். தொழில். அனுபவம். மணமானவர். குழந்தைகள் என்ற இடத்தில் பேனாவை நிறுத்தி அத்தானைப் பார்த்தேன்.

"இல்லைன்னு போடு. இன்னும் பெறக்கலல்லா."

இல்லை என்று போட்டேன். அக்கா முற்றத்துக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே பாத்திரத்தை.

செப்டம்பர் 19, வெள்ளி

கல்லூரியிலிருந்து எதுவும் இல்லை. போன் செய்தேன். பேராசிரியர் மகன் வீட்டுக்குப் பெங்களூர் போயிருக்கிறாராம்.

செப்டம்பர் 23, செவ்வாய்

மருத்துவப் பரிசோதனையில் தேறிவிட்டார். நல்ல நெஞ்சு என்று டாக்டர் சொன்னாராம். அத்தான் அதைச் சொல்லிச் சிரித்தார். "வெளிநாட்டுக்குப் போகத்தான் என் நெஞ்சை நல்லாருக்குன்னு சொல்லணும்னு இருக்கு." அக்கா சிரிக்க முயன்றாள்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அக்கா என்னிடம் பேசுவதை நிறுத்தவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. குழம்பு போதுமா என்கிறாள். துணி துவைக்கப் போடு என்கிறாள். நேற்று என் வெள்ளைச் சட்டையைத் துவைத்து மடித்துக் கட்டில்மேல் வைத்திருந்தாள்.

அக்டோபர் 5, ஞாயிறு

அத்தான் போய்விட்டார்.

திருவனந்தபுரம் பஸ் மதியம். அக்கா வாசலோடு நின்றுகொண்டாள். "போன உடனே பேசுங்க" என்றாள். அவர் "டாக்டர்கிட்ட தவறாமப் போ" என்றார். ஒன்பது வருடத்துக்கு இவ்வளவுதான் பேச்சு. ஆட்டோ கிளம்பியதும் அவள் உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை.

புதுப் பஸ் ஸ்டாண்டில் வெயில். கூட்டமில்லை. ஒரு பெட்டி, ஒரு பை. தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வாக்கியங்களை அமைத்துக்கொண்டே வந்திருந்தேன். எல்லா வாக்கியங்களும் என்னைப் பற்றியே இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை.

அவர்தான் கேட்டார்.

"அன்னைக்குப் பால்காய்ப்புல உன்னை எங்கல உக்கார வச்சாவ?"

"முன்னால. சார் பக்கத்துல."

"நாற்காலியா?"

"ஆமா."

"சாப்பாடு?"

"அதுவும் அவர் பக்கத்துலதான் அத்தான். உள்ள கூடத்துல."

தலையாட்டினார். "நான் தை மாசத்துல இருந்து அந்த வீட்டுல கிடந்தேன். எனக்கு டீயைக் காம்பவுண்டுச் சுவர்ல வச்சிட்டுப் போவாவ. ஆறிப்போயிரும். குத்தம் சொல்லல. கை அழுக்கு, உள்ள கூப்பிட முடியாதுல்லா." பாட்டிலைத் திறந்து ஒரு வாய் குடித்தார். "சாப்பாடு எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய்க்கு வந்துவிட்டது.

"நல்லா இருந்துச்சு அத்தான்."

"இருக்கட்டும். நம்ம வீட்டுல ஒருத்தனாவது அந்த வீட்டுக்குள்ள உக்காந்து சாப்பிட்டானே."

பஸ் வந்தது. பெட்டியை அவரே தூக்கி ஏற்றிக்கொண்டார். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினார், நீ போ, வெயிலில் நிற்காதே என்பதுபோல.

அதை அவர் கேலியாகச் சொன்னாரா என்று திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்தேன். இல்லை. கேலி இல்லை. உண்மையாகவே சந்தோஷப்பட்டுத்தான் சொன்னார்.